கும்பிட்ட கல்லிலிருந்து அளந்த கதை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சர்வேயர் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் யாராவது கௌபாய் படம் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று பாருங்கள். நம் வேலையைப் பற்றி எடுத்த படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். குதிரை, துப்பாக்கி, புழுதி எல்லாம் மேலே பூசியது. உள்ளே இருப்பது சுத்தமான வரப்புத் தகராறு.

எந்தப் படம் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகையில் நல்ல படங்களுக்கெல்லாம் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரம் மாடு வைத்திருக்கும் ஒரு பெரிய ஆள். அவர் நிலத்தை ஒட்டி வேலி போட்டுக் கொஞ்சமாகப் பயிர் வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்கள். பெரிய ஆளுக்கு அந்த நிலமும் வேண்டும், அதில் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். அப்போது எங்கிருந்தோ ஒருவன் தனியாகக் குதிரையில் வருகிறான். அவன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. நியாயத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு முதலில் பார்த்தேன். அப்புறம் டிவியில் பார்த்தேன், இப்போது செல்போனில் பார்க்கிறேன். "மறுபடியும் குதிரையா?" என்று என் வீட்டுக்காரி அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

எனக்கு அந்தப் படங்கள்மேல் ஒரே ஒரு குறை. படம் முழுக்க யாருமே நிலத்தை அளப்பதில்லை! இத்தனை பேர் சுடப்பட்டு விழுகிறார்கள், ஒருத்தருக்காவது எல்லைக்கல் எங்கே என்று கேட்கத் தோன்றியதா? நம் ஆள் ஒருவரை அனுப்பியிருந்தால் இடைவேளைக்கு முன்னாலேயே படம் முடிந்திருக்கும். இதை நான் அலுவலகத்தில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லிவிட்டு நானே முதலில் சிரிப்பேன். பணியின் கடைசி நாலு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஜீயபுரம் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு வந்த கஷ்டமே நான் அளந்ததால் வந்தது என்று தெரிந்துகொண்டேன். தெரியவைத்தவர் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர், என் கீழ் வேலை பார்த்த பெண் சர்வேயர். "என் பேரைப் போட்டுடாதீங்க சார்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்கும் இந்தக் கதையில் பெயர் கிடையாது.

அவருக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம் பக்கம். வீடு எடமலைப்பட்டி புதூரில். ஒரு பழைய மொபெட்டில், காலடியில் கருவிப்பெட்டியை இடுக்கிக்கொண்டு தனியாகத்தான் எங்கும் போவார். ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு. தகராறு என்று ஃபைலில் எழுதியிருந்தால் மற்ற சர்வேயர்கள் அன்றைக்குக் காய்ச்சல் என்பார்கள். இவர் கொண்டாங்க என்பார். ஒருமுறை போலீஸ் பாதுகாப்புக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார். போலீஸ் வந்தா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. அளக்கறதுக்கு எனக்கு அவங்க வாய்தான் வேணும்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, துணிச்சல்காரி என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜீயபுரம் மனு வந்தது இப்படித்தான். ஊரில் ஒரு அரிசி மில்லுக்காரர், அவருடைய நிலத்தைப் பிளாட் போட்டு விற்க ஏற்பாடு செய்திருந்தார். பிளாட்டுக்குப் போகிற பாதைக்குக் கிழக்கே இன்னும் பதினோரு அடி தேவைப்பட்டது. அந்தப் பதினோரு அடியும் ஏற்கெனவே அவருடையதுதான் என்று பழைய அளவைப் படம் சொன்னது. ஆனால் அதில் பயிர் செய்துகொண்டிருந்தவர் பக்கத்து நிலத்துக்காரர் செல்லக்கண்ணு. நிலத்தை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி மில்லுக்காரர் மனு போட்டார்.

செல்லக்கண்ணுவும் ஒரு மனு கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். என் மேஜைக்கு முன்னால் உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. "நெலம் அவங்களோடதுதான் சார். நான் இல்லேங்கல. ரெண்டு வரிசை பூவன் வாழை போட்டிருக்கேன், தார் தள்ளிருச்சு. ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லுங்க, வெட்டிக்கிட்டு வெளிய போயிடறேன்" என்றார். மனுவிலும் அதேதான் எழுதியிருந்தது. தன் நிலத்துக்கே தவணை கேட்கிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தப் பழைய படத்தைப் போட்டவன் நான்தான். இருபது வருடம் முன்னால், நான் அங்கே சர்வேயராக இருந்தபோது, இதே வரப்பில் மில்லுக்காரரின் அப்பாவுக்கும் செல்லக்கண்ணுவின் அப்பாவுக்கும் பேச்சு முற்றி, அளக்கப் போனேன். எப்படிப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். புது மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. மனசுக்குள் குதிரைச் சத்தம். ஊர் எல்லையில் நாய்கள் குரைத்தபோது வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பாதையிலிருந்து சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு எல்லைக்கல் இருந்தது. மேடை கட்டி, மஞ்சள் பூசி, பட்டு சுற்றி, ஊர் அதை எல்லையம்மா என்று கும்பிட்டது. நம் துறை நட்ட கல்தான் அது. மஞ்சளைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால் தலையில் செதுக்கிய குறி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கும்பிட்டேன், கொடுத்த குங்குமத்தை இட்டுக்கொண்டேன். அப்புறம் அந்தக் கல்லிலிருந்தே கிழக்கே அளந்தேன். இன்னொரு கல்லிலிருந்தும் சரிபார்க்க வேண்டும் என்பது நம் வேலையில் அரிச்சுவடி. அந்த இன்னொரு கல் வாய்க்கால் கரையில் இடுப்பளவு சேற்றுக்குள் இருந்தது. உச்சி வெயில் வேறு. வரப்பிலிருக்கிற கல்லைக் களவாணி நகர்த்துவான், கும்பிடுகிற கல்லை எவன் நகர்த்துவான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்த யோசனை புத்திசாலித்தனமாகத்தான் தோன்றுகிறது. அதுதான் அதில் ஆபத்து.

அளவுப்படி எல்லை, செல்லக்கண்ணுவின் அப்பா வீரமுத்துவின் நிலத்துக்குள் பதினோரு அடி தள்ளி விழுந்தது. வீரமுத்து கத்தவில்லை. "எங்கப்பா காலத்துலேர்ந்து உழுத மண்ணுங்க. நாங்க அடுத்தவங்க மண்ணுல கால் வைக்கற ஆளுங்க இல்லீங்க" என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார். "பெரியவரே, நீங்க சொல்றதை எழுத முடியாது, அளவு சொல்றதைத்தான் எழுத முடியும்" என்றேன். அந்த வசனம் எனக்கே பிடித்திருந்தது. மில்லுக்காரரின் அப்பா பெருந்தன்மையாக, இருக்கட்டும், சாகுபடி பண்ணிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்று முதல் அந்தக் குடும்பம் தன் மண்ணிலேயே அடுத்தவர் தயவில் உழுதது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வாழைத்தார் மில்லுக்காரர் வீட்டுக்குப் போனது. நான் படத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குதிரைக்காரன் மாதிரியே, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இருபது வருடம் கழித்து மில்லுக்காரரின் மனுவை அந்தப் பெண் சர்வேயரிடம் கொடுத்தபோது, "பழைய படம் இருக்கு, நான் போட்டதுதான். அதை வச்சுக் கல்லு நட்டுட்டு வாங்க, ஒரு மணி நேர வேலை" என்றேன். படத்தைப் பார்த்தார். "நீங்களும் வாங்க சார்" என்றார். காலை எட்டரைக்கு நான் அலுவலக ஜீப்பில் போய் இறங்கினபோது அவருடைய மொபெட் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

ஊரில் பாதி அங்கே இருந்தது. மில்லுக்காரர் பக்கம் கம்பியும் கல்தூணும் ஏற்றின டிராக்டர் தயாராக நின்றது. அளந்து முடித்த கையோடு வேலி போட்டுவிடும் ஏற்பாடு. பக்கத்திலேயே வாழையைத் தள்ள ஒரு ஜேசிபி. செல்லக்கண்ணு தன் வாழைக்குள் நின்றார், அவர் மனைவி ஒரு தாரைக் கையால் பிடித்தபடி. என்ன நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நானாக இருந்தால் கருவியை நிறுத்தி வேலையை ஆரம்பித்திருப்பேன். அவர் கருவிப்பெட்டியைத் திறக்கவேயில்லை. கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கங்க. போன தடவை இந்த எல்லையம்மா கல்லுலேர்ந்துதான் அளந்திருக்காங்க. நானும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னால அம்மாவோட கதையைக் கேட்டுக்கறேன். சொல்றீங்களா?"

இருபது வருடம் முன்னால் எந்தக் கல்லிலிருந்து அளக்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கும்பிட்டேன், அதை எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் கருவியோடு அங்குமிங்கும் நடந்தேன், அது அவர்களுக்குப் புரியவில்லை. ஆபீசருக்குத் தெரியாதா என்று அவர்கள் நினைத்தார்கள். கும்பிடும் கல் நகராது என்று நான் நினைத்தேன். இரண்டு பக்கமும் மரியாதையால் வாயை மூடிக்கொண்டோம்.

கூட்டத்தில் எல்லையம்மாவுக்கு விளக்குப் போடுகிற பூசாரி இருந்தார், நாற்பது வயது, டிராக்டர் ஓட்டுகிறவர். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்கு எத்தனை சக்தி, யாருக்குக் குழந்தை வரம், யாருக்குக் காணாமல் போன மாடு கிடைத்தது என்று அடுக்கினார். மில்லுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண் சர்வேயர் அவசரமே படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "மேடை ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்களே, யாரு உபயம்?" என்றார்.

"மில்லு ஐயா உபயம்ங்க. இப்ப இருக்கறவரோட அப்பா. முன்னால அம்மா அந்தா பாதையோரமா இருந்தாங்க. மில்லு லாரி திரும்பறப்ப ஒருநா இடிச்சிருச்சு. தெய்வக்குத்தம் ஆயிரும்னு ஐயாவே செலவு பண்ணி, மேளதாளத்தோட இங்க நெழல்ல கொண்டாந்து வச்சாருங்க. கல்வெட்டே இருக்கு."

எண்ணெய்க் கறை படிந்த கல்வெட்டை அவரே துண்டால் துடைத்துக் காட்டினார். நம் ஊரில் டியூப் லைட்டுக்கே உபயம் எழுதுவோம், மேடைக்கு எழுதாமல் இருப்போமா? வண்டிப் போக்குவரத்தால் இடைஞ்சல் நேராதபடி பாதையோரம் இருந்த அம்மனை இவ்விடம் எழுந்தருளச் செய்தவர் என்று, மில்லுக்காரரின் அப்பா பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மாதமும் வருடமும் இருந்தன. நான் அளந்ததற்கு மூன்று வருடம் முன்னால். அன்று நான் குங்குமம் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து அந்தக் கல்வெட்டு இரண்டு அடி தூரம்.

கூட்டத்துக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினவர்கள் மூன்று பேர்தான், நான், அந்தப் பெண் சர்வேயர், மில்லுக்காரர்.

மில்லுக்காரர் முந்திக்கொண்டார். "ஏம்மா, இப்ப என்ன சொல்ல வரீங்க? எல்லையம்மா பொய் சொல்றாங்கன்னா?" கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாலு இளவட்டங்கள் முன்னால் வந்தார்கள். பூசாரியின் முகம் மாறியது. ஒரு வார்த்தை பிசகினால் சாமியை அவமதித்துவிட்டாள் என்று அளவையே நடக்காமல் போயிருக்கும், ஜேசிபி தன் வேலையை ஆரம்பித்திருக்கும்.

அந்தப் பெண் மேடைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி, மில்லுக்காரரிடம் இல்லை, பூசாரியிடம் சொன்னார்: "சாமி எங்க உக்காந்தாலும் சாமிதாங்க. அம்மா இங்கயே இருக்கட்டும், யாரும் தொடப் போறதில்ல. அவங்க முன்னால எங்க இருந்தாங்கன்னு மட்டும் நீங்க காட்டுங்க. நான் அங்கேர்ந்து அளந்துக்கறேன்." பூசாரி மறுபேச்சில்லாமல் பாதையோரம் போய் ஒரு இடத்தைக் காலால் காட்டினார். இன்னும் மூன்று பேர் "இல்லை, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று திருத்தினார்கள். அப்போதுதான் அவர் கருவிப்பெட்டியைத் திறந்தார். மேடை பழைய இடத்திலிருந்து கிழக்கே பதினோரு அடி தள்ளி இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஊர் சொன்னது மட்டும் போதாது என்று வாய்க்காலில் இறங்கினார். இருபது வருடம் முன்னால் நான் இறங்காத அதே சேறு. கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்து அந்த இரண்டாவது கல்லைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து அளந்தாலும் எல்லை அதே இடத்தில் விழுந்தது. வீரமுத்து சொன்ன இடத்தில்.

கரையேறி, சேற்றுக் காலோடு என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சார், பழைய படம் உங்களோடது. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

அவர் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் தலையசைத்தால் அவரே நாசூக்காகச் சொல்லி முடித்திருப்பார், முன்பு ஏதோ கணக்குப் பிசகு என்று. ஓய்வுக்கு நாலு மாதம் இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், பென்ஷன் ஃபைல் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் மனசில் ஓடியது. பயந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெண் சேற்றில் இறங்கிவிட்டு வந்து நிற்கும்போது நான் ஜீப் நிழலில் நின்றுகொண்டு தலையசைப்பதா? முன்னால் போனேன். "இருபது வருஷம் முன்னால இங்க அளந்தது நான்தான். நகர்ந்த கல்லுலேர்ந்து அளந்துட்டேன். தப்பு என்னுது. இந்தப் பதினோரு அடி செல்லக்கண்ணுவோடது" என்றேன்.

மில்லுக்காரர் படத்தில் வருகிற பெரிய ஆள் மாதிரி துப்பாக்கி எடுக்கவில்லை. மேலே போவேன் என்றார். "போங்க சார், அது உங்க உரிமை" என்று எங்கே, எப்படி மனு போட வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மில்லுக்காரர் அதை வாங்கிக்கொண்டு, கல்வெட்டில் இருந்த அப்பாவின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிராக்டரையும் ஜேசிபியையும் திருப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேலே போகவில்லை. எனக்கு நோட்டீஸ் வந்தது, பதில் எழுதினேன். அது பெரிய விஷயமில்லை.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கருவி இப்போது செயற்கைக்கோளோடு பேசுகிறது. நல்லதுதான். அது பேசுவதற்கு முன்னால் நீங்கள் வரப்பில் நிற்கிறவர்களோடு பேசுங்கள். எங்கிருந்து அளக்கிறேன் என்று உரக்கச் சொல்லுங்கள், மறுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நான் இதை அன்றைக்குத்தான் கற்றேன். எத்தனையோ மேலதிகாரிகளுக்குச் சல்யூட் வைத்திருக்கிறேன். மனசாரக் கும்பிடத் தோன்றியது அந்தப் பெண்ணைத்தான்.

கல் நடும்போது செல்லக்கண்ணு பக்கத்தில் வரவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். வாழைக்குள்ளேயே குந்தி உட்கார்ந்திருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அப்பா சாகற வரைக்கும் நம்ம நெலம்தான்டான்னே சொல்லிக்கிட்டிருந்தாரு சார். நான்தான், கவர்மெண்டு அளந்தது பொய்யா, அடுத்தவன் சொத்துக்கு ஏன் ஆசைப்படறேன்னு எல்லார் முன்னாலயும் ஏசிட்டேன். அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல."

எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த அந்தப் பெண், "அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டார். சொன்னார். அந்தப் பெண் ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து அறிக்கையை எழுதி முடித்து, என்னிடம் நீட்டினார். கடைசியில் எந்தப் படிவத்திலும் இடமில்லாத ஒரு வரி இருந்தது: "காலஞ்சென்ற வீரமுத்து அவர்கள் முந்தைய அளவையின்போது தெரிவித்த எல்லையே சரியானது என இன்றைய அளவையில் தெரியவருகிறது."

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். செல்லக்கண்ணு நகலை வாங்கி, வாழைக்கு நடுவில் நின்று அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "வீரமுத்து அவர்கள்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை அவர் மனைவிதான் படித்தார்.